கல்லாவில் சரி, நோட்டில் தப்பு

பி.எட். முதலாண்டில் தனியாள் ஆய்வு என்று ஒரு பதிவேடு எழுத வேண்டும். ஒரு குழந்தையை ஆறு வாரம் கவனித்து, புத்தகத்தில் படித்த வளர்ச்சிக் கோட்பாடுகளை அந்தக் குழந்தையோடு பொருத்தி எழுதி, பழுப்பு அட்டை போட்டுக் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் என்ன நடக்கும் என்றால், சீனியரிடம் போன வருஷத்துப் பதிவேட்டை வாங்கி வயதையும் வகுப்பையும் மாற்றி எழுதிவிடுவார்கள். எனக்கும் ஒன்று கிடைத்தது. முத்து முத்தான கையெழுத்து. அதில் இருந்த பெண் குழந்தை, பிள்ளைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே சொன்னதையெல்லாம் அவர் சொன்ன வயதில், சொன்னபடியே செய்திருந்தாள். படித்ததும் சந்தேகம்தான் வந்தது. எங்கள் வீட்டில் ஒருவன் இருக்கிறான், யார் சொன்னதையும் சொன்னபடி செய்தவனில்லை. சரி, இவனையே எழுதுவோம் என்று ஆரம்பித்தேன்.

அவன் என் அக்கா மகன். வீட்டில் எல்லாருக்கும் சின்னவன், நானும் அப்படியே எழுதுகிறேன். அப்போது எட்டரை வயது, மூன்றாம் வகுப்பு. கோவில்பட்டியில் அத்தானுக்கு ஒரு சின்ன மளிகைக்கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. படிப்புக்காக நான் அங்கேதான் தங்கியிருந்தேன். சின்னவனுக்கு மேலே பெரியவள், எட்டாம் வகுப்பு, எப்போதும் முதல் மூன்று ரேங்குக்குள் நிற்பவள். சின்னவனைப் பற்றி வகுப்பு ஆசிரியை அக்காவிடம், “பையன் நல்ல பையன்தான், ஆனா கணக்கு சுத்தமா வரல” என்று சொல்லியிருந்தார். வீட்டிலும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

முதல் வாரம் என்ன கவனிப்பது என்றே தெரியவில்லை. நோட்டில் ‘சுறுசுறுப்பானவன், விளையாட்டில் ஆர்வம்’ என்று எல்லாப் பதிவேட்டிலும் இருப்பதையே எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒரு சாயங்காலம் அத்தான் சரக்கெடுக்கப் போயிருந்தார். அக்கா அடுப்படியில் இருந்தாள். கல்லாவில் சின்னவன். ஒரு பெண் வந்து 38 ரூபாய் சோப்பு ஒன்று, 10 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் இரண்டு, 5 ரூபாய் கடலைமிட்டாய் நாலு வாங்கி, நூறு ரூபாயை நீட்டினார். சின்னவன் ஒரு நொடி மேலே பார்த்தான். “எழுபத்தெட்டு” என்றான். இரண்டு ரூபாய் நாணயத்தை மேசைமேல் வைத்து “எண்பது” என்றான். இருபது ரூபாய் நோட்டை அதன் பக்கத்தில் வைத்து “நூறு. சரியாக்கா?” என்றான். கழிக்கவே இல்லை. 78-லிருந்து ஏறிப் போய் 100-ஐத் தொட்டான். அவன் அப்பா செய்வதும் அதைத்தான், கடை வைத்திருக்கும் யாரும் செய்வதும் அதைத்தான்.

அன்றைக்கு ராத்திரி அதே கணக்கை அவன் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். 100-க்குக் கீழே 78, கோடு போட்டுக் கழித்தல் குறி. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ரொம்ப நேரம் போட்டான். விடை 178.

“ஏலே, நூறு ரூவா குடுத்த அக்காவுக்கு நூத்தி எழுபத்தெட்டு ரூவா மிச்சம் குடுப்பியா?”

சிரித்துவிட்டான். “குடுத்தா அப்பா தோலை உரிச்சிருவாரு.”

“அப்ப இது எப்படி வந்துச்சு?”

“அது கடை சித்தி. இது கணக்கு.”

இதைவிடத் தெளிவாக அவனால் சொல்லியிருக்க முடியாது. எப்படிப் போட்டான் என்று கேட்டேன், அதையும் தெளிவாகவே சொன்னான். பூஜ்யத்தில் எட்டு போகாது, அதனால் எட்டில் பூஜ்யம் போனது, எட்டு. ஏழிலும் அப்படியே. மீதி ஒன்று தனியாக இருக்கிறது, அதைக் கீழே இறக்கியாயிற்று. நோட்டைப் பின்னோக்கிப் புரட்டிப் பார்த்தால் இரண்டு மாதமாக எல்லாக் கழித்தலையும் இதே விதிப்படிதான் போட்டிருக்கிறான். ஒரு தடவைகூட விதியை மீறவில்லை. மேலே பெரிய இலக்கம் இருந்த இடங்களில் சரியாக வந்திருக்கிறது, இல்லாத இடங்களில் சிவப்பு மை. ஏனோதானோ என்று போடுகிற பையன் இல்லை இவன். ஒரு தப்பான விதிக்கு அவ்வளவு விசுவாசமாக இருந்திருக்கிறான்.

பியாஜேவைப் பற்றி வகுப்பில் படித்த ஒரு விஷயம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் இளைஞராக இருந்தபோது பாரிஸில் குழந்தைகளுக்கான அறிவுச் சோதனைகளைத் தரப்படுத்தும் வேலையில் இருந்தார். சரியான விடைகளை எண்ண வேண்டியதுதான் வேலை. அவருக்கோ தப்பான விடைகள்மேல் கண். ஒரே வயதுக் குழந்தைகள் ஒரே மாதிரி தப்பு செய்வது ஏன் என்று கேட்டுக்கொண்டு போனதில்தான் மற்றதெல்லாம் வந்தது. நாங்கள் தேர்வுக்குப் படிக்கும்போது இந்தக் கதையைத் தாண்டி நேராக அவர் சிந்தனை வளர்ச்சியைப் பிரித்த நான்கு நிலைகளின் பட்டியலுக்குப் போய்விடுவோம். 7 முதல் 11 வயது வரையிலான நிலைக்கு எங்கள் கையேட்டில் இருக்கும் பெயர் ‘கண்கூடாகப் பார்ப்பதைக் கொண்டு சிந்தித்துச் செயல்படும் நிலை’. பெயரை மனப்பாடம் செய்யவே ஒரு நாள் ஆகும்.

அதனால் குழந்தையின் நோட்டில் சிவப்புக் கோடு போடுவதற்கு முன்னால் “எப்படிப் போட்ட, சொல்லு பாப்போம்” என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அதட்டலாகக் கேட்டால் ஒன்றும் வராது. தெரியாதவர் வழி கேட்பதுபோலக் கேட்க வேண்டும்.

கடைக் கணக்குக்கும் நோட்டுக் கணக்குக்கும் நடுவில் இருக்கும் இந்தச் சுவர் எங்கள் வீட்டில் மட்டும் இருப்பதில்லை. பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரத்தில் தெருவில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1985-ல் வெளிவந்தது. வியாபாரத்துக்கு நடுவே வாயால் கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே எண்களை வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. 2025-ல் நேச்சர் அறிவியல் இதழில் நம் நாட்டைப் பற்றியே ஓர் ஆய்வு வந்தது. பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட குழுவினர் கொல்கத்தாவிலும் டெல்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பார்த்து எழுதியது. அதிலும் இதே கதைதான். இன்னொரு விஷயமும் அதில் இருந்தது. பள்ளிக்கூடக் கணக்கில் தேறிய பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். பெரியவளிடம் சோதித்துப் பார்த்தேன். நோட்டில் புலி. கல்லாவில் உட்கார வைத்தால் கால்குலேட்டர் தேடுகிறாள்.

அடுத்து நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

பதிவேட்டில் பியாஜேயின் ‘மாறாத்தன்மை’ சோதனை ஒன்றாவது இருந்தாக வேண்டும். உருவம் மாறினாலும் அளவு மாறாது என்பது பிள்ளைக்குத் தெரிகிறதா என்று பார்ப்பது அது. தண்ணீர்ச் சோதனையில் சின்னவன் சுலபமாகத் தேறிவிட்டான். ஒல்லி டம்ளரிலிருந்து அகலக் கிண்ணத்துக்கு மாற்றியதும், “நீங்கதான ஊத்துனீங்க, நான் பாத்துட்டுதான இருந்தேன்” என்றான். அடுத்து மாவு. சப்பாத்திக்குப் பிசைந்த மாவில் ஒரே அளவாக இரண்டு உருண்டை பிடித்தேன். இரண்டும் ஒரே அளவா என்றதற்கு ஆமாம் என்றான். ஒன்றை அவன் கண்முன்னாலேயே பெரிதாகத் தேய்த்தேன். “இப்ப சொல்லு, ரெண்டுலயும் மாவு ஒரே அளவா, இல்ல ஒண்ணுல அதிகமா?” சின்னவன் மாவைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தான். பிறகு தேய்த்ததைக் காட்டி, “இதுலதான் அதிகம்” என்றான்.

எனக்கு உள்ளூர சந்தோஷம். புத்தகத்தில் சொன்னது கண்முன்னால் நடக்கிறதே. தண்ணீரில் தேறியவன் மாவில் தேறவில்லை என்று தேதி போட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

சாப்பிடும்போது அவனாகவே கேட்டான். “சித்தி, அந்த மாவு ஒரே அளவுதான?”

“பிறகு ஏன்டா அதிகம்னு சொன்ன?”

“நான் மொதல்ல ஒரே அளவுன்னு சொன்னேன்ல. நீங்க மறுபடியும் கேட்டீங்க. தப்பு போலன்னு மாத்திச் சொன்னேன்.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் தராசு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையன். நூறு கிராம் கடுகைப் பொட்டலத்தில் கட்டினாலும் கவரில் போட்டாலும் நூறு கிராம்தான் என்பது அவனுக்குத் தெரியாதா? அவனுக்குத் தெரிந்த இன்னொரு விஷயத்தைத்தான் நான் மறந்துவிட்டேன். நம் வகுப்பறையில் டீச்சர் அதே கேள்வியை இரண்டாம் தடவை கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சொன்ன விடை தப்பு. “சரியா யோசிச்சுச் சொல்லு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, குரலே போதும். மூன்று வருஷம் பள்ளிக்கூடம் போன பிள்ளை அந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருக்கிறான்.

பிறகு தேடிப் பார்த்தால், இதை ஐம்பது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்திருக்கிறார்கள். 1974-ல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் வில்லைகளை இரண்டு வரிசையாக அடுக்கி, பெரியவர் கையால் கலைக்காமல் ஒரு ‘குறும்புக்காரக் கரடி பொம்மை’ வந்து தற்செயலாகக் கலைத்துவிட்டதுபோலச் செய்தார்கள். பெரியவர் கலைத்தபோது குழம்பிய 4 முதல் 6 வயதுக் குழந்தைகளில் பலரும், கரடி கலைத்தபோது எண்ணிக்கை மாறவில்லை என்று சரியாகச் சொன்னார்கள். அதே ஆண்டு அமெரிக்காவில் வந்த இன்னோர் ஆய்வில், கேள்வியை இரண்டு தடவை கேட்காமல் மாற்றிய பிறகு ஒரே தடவை கேட்டபோதும் தப்பு குறைந்தது. பியாஜே தப்பு என்று இதற்கு அர்த்தமில்லை. சின்னக் குழந்தைகள் பெரிய குழந்தைகளைவிட வேறு மாதிரி யோசிக்கிறார்கள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கேட்கும் ஆளும் கேட்கும் விதமும் சோதனைக்குள்ளே சேர்ந்துதான் இருக்கிறது. நான் எழுதி வைத்த குறிப்பை அடித்துவிட்டு, பக்கத்திலேயே ‘சோதித்தவர் தேறவில்லை’ என்று எழுதினேன்.

அன்றிலிருந்து ஒரு மாற்றம். மறுபடி கேட்க வேண்டியிருந்தால், “நீ சொன்னது சரியா தப்பான்னு நான் சொல்ல மாட்டேன், காதுல சரியா விழல, அதான் கேக்குறேன்” என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். சரியான விடைக்கும் இரண்டாம் தடவை கேட்பேன். கொஞ்ச நாளில் மறுகேள்வி என்றால் பயம் என்பது போய்விட்டது.

இப்போது கழித்தலுக்கு வருகிறேன். பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தது கடன் வாங்கிக் கழித்தல். பூஜ்யத்தில் எட்டு போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு. நாமெல்லாம் அப்படித்தான் படித்தோம். சின்னவனுக்குப் பிரச்சினையே அந்தச் சொல்லில்தான் இருந்தது. அவன் தலைக்குமேல் ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்று போர்டு தொங்குகிறது. கடன் வாங்கியவர்கள் பெயரெல்லாம் எழுதின நீள நோட்டு ஒன்று கல்லாவுக்குள் இருக்கிறது.

“பத்து கடன் வாங்குறோம்ல, எப்ப திருப்பிக் குடுக்குறது?” என்றான்.

பதிலில்லை எனக்கு. யோசித்தால், கணக்கில் அப்படி யாரும் கடன் வாங்குவதே இல்லை. நூறு ரூபாய் நோட்டைப் பத்து பத்து ரூபாயாக மாற்றுகிறோம். பத்து ரூபாயைப் பத்து ஒரு ரூபாயாக மாற்றுகிறோம். இது கடனே கிடையாது, சில்லறை மாற்றுவது. கடைக்காரன் மகனுக்கு இதைவிடத் தெரிந்த விஷயம் எது?

தினசரி காலண்டரில் கிழித்துப் போடும் தாள்களை எடுத்து மூன்று அளவில் வெட்டினோம். முழுத்தாள் நூறு, பாதி பத்து, துண்டு ஒன்று. ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு அதன்மேல் வைத்துக் கழிக்க வேண்டும். ஒன்றில் போதவில்லையா, பத்தை மாற்று. பத்தே இல்லையா, நூறை மாற்று. நடுவில் பூஜ்யம் இருக்கும் கணக்குகள், அதாவது 304, 502 மாதிரி எண்கள்தான் இந்த வயதில் ரொம்பப் படுத்தும். தாளை வைத்துச் செய்தபோது அதில் பயம் காட்ட ஒன்றுமே இல்லை. “பத்து ரூவா காலி, நூறை மாத்திட்டு வா” என்று அவனுக்கு அவனே கட்டளை போட்டான்.

ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்ன ‘அண்மை வளர்ச்சி மண்டலம்’ என்பதைத் தேர்வுக்குப் படித்தபோது என்னவோ நிலவியல் மாதிரி இருந்தது. பிள்ளை தனியாகச் செய்வதற்கும், தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் செய்வதற்கும் நடுவில் இருக்கும் இடம், அவ்வளவுதான். அந்த இடத்தில் கொடுக்கும் துணைக்குச் சாரம் கட்டுவது என்ற உவமையை 1976-ல் உட், புரூனர், ராஸ் மூவரும் எழுதிய கட்டுரை கொண்டுவந்தது. கட்டடம் கட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாரத்தில் கஷ்டமான வேலை கட்டுவதில்லை. எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து பிரிப்பது என்பதுதான். நான் முதலில் சீக்கிரம் பிரித்துவிட்டேன். நாலாம் நாளே தாளெல்லாம் வேண்டாம், நோட்டிலேயே போடு என்றேன். மறுபடி 178 வகையறாக்கள் வந்து நின்றன. அப்புறம் மெதுவாகப் போனோம். முதலில் தாள், அடுத்து தாளுக்குப் பதில் நோட்டின் ஓரத்தில் கட்டம், அடுத்து வெறும் வாய்ப்பேச்சு. ஒவ்வொரு படிக்கும் ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. எப்போது பிரிப்பது என்பதை அவன் கையே சொன்னது. தாளை எடுத்து வைத்துவிட்டு அதைப் பார்க்காமலே விடையை எழுத ஆரம்பித்தால், அந்தப் படி முடிந்தது என்று அர்த்தம்.

வாய்ப்பேச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கணக்குப் போடும்போது சின்னவன் முணுமுணுத்துக்கொண்டே போடுவான். வகுப்பில் “வாயை மூடிட்டுப் போடு” என்று திட்டு வாங்கியிருக்கிறான், என்னிடமும்தான். பிள்ளைகள் தனக்குத்தானே பேசிக்கொள்வதைப் பியாஜே பெரிதாக மதிக்கவில்லை, வளர வளர உதிர்ந்துவிடும் என்று நினைத்தார். வைகாட்ஸ்கி அதை யோசனைக்கான கருவி என்றார். முதலில் பெரியவர் சொல்வது, பிறகு பிள்ளை தனக்குத்தானே சத்தமாகச் சொல்வது, கடைசியில் சத்தமில்லாமல் உள்ளே போய்விடுவது. 37 வயதில் காசநோயில் இறந்துபோன மனிதர், இந்தக் கருத்துகள் அடங்கிய புத்தகம் அவர் இறந்த 1934-ல்தான் வந்தது. இந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்க வைகாட்ஸ்கி கட்சி. முணுமுணுக்க விட்ட வாரத்தில் தப்பு பாதியாகக் குறைந்தது. ஆறாவது வாரத்தில் உதடு மட்டும் அசைந்தது, சத்தம் இல்லை. நான் சொல்லி நிறுத்தியதல்ல அது.

நடுவில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். சரியாகப் போடும் ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கடலைமிட்டாய் என்று அறிவித்தேன். ஊருக்குப் பெயர் வாங்கித் தந்த மிட்டாய், புவிசார் குறியீடு எல்லாம் 2020-ல் கிடைத்தாயிற்று, ஒரு பையனைக் கணக்குப் போட வைக்காதா என்று நினைப்பு. இரண்டே நாளில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரனாகிவிட்டான். “ஈசியா குடுங்க சித்தி” என்று பேரம் பேசினான். 50-ல் 10 போனால் எத்தனை என்ற ரகமே வேண்டுமாம். கஷ்டமான கணக்கு வந்தால் “மிட்டாய் வேண்டாம்” என்று எழுந்து போய்விட்டான். போதாக்குறைக்கு அத்தான் கடையிலிருந்து அத்தானுக்கே தெரியாமல் எடுத்த மிட்டாய். நிறுத்திவிட்டேன்.

ஆனால் மிட்டாய் வேறு ஒரு வழியில் உதவியது. மனித வாழ்க்கையை எட்டு நிலைகளாகப் பிரித்த உளவியலாளர் எரிக்சன் சொன்னதில் பள்ளி வயதுக்கு உரியது ‘உழைக்கும் ஊக்கம் எதிர் தாழ்வு மனப்பான்மை’. கல்லூரிப் பட்டமே வாங்காத மனிதர் எரிக்சன், வியன்னாவில் ஒரு சின்னப் பள்ளியில் வாத்தியாராக இருந்து மேலே வந்தவர். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எல்லாச் சமூகங்களிலும் ஏதோ ஒரு விதத்தில் பெரியவர்களின் கருவிகளைக் கையாளக் கற்றுக்கொடுக்கிறார்கள், அதில் ‘என்னால் முடியும்’ என்பது வேர் பிடிக்காவிட்டால் தாழ்வு மனப்பான்மை வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பது அவர் சொன்னது. சின்னவன் விஷயத்தில் அது உட்கார்ந்தே ஆயிற்று. “எனக்குக் கணக்கு வராது சித்தி, அக்காவுக்குத்தான் வரும்” என்பான், கண்ணாடி போட்டவர்கள் எனக்குக் கிட்டப்பார்வை என்று சொல்வதுபோல சாதாரணமாக. ஆச்சி வேறு பாசமாகவே, “இவன் கடைக்குத்தான் லாயக்கு” என்பாள்.

அத்தானிடம் பேசி, கடலைமிட்டாய் ஜாடியைச் சின்னவன் பொறுப்பில் விட்டோம். காலையில் எத்தனை இருந்தது, எத்தனை விற்றது, ராத்திரி எத்தனை இருக்க வேண்டும் என்று ஒரு நோட்டில் மேலே கீழே எழுதிக் கழிக்க வேண்டும். பிறகு ஜாடியை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். விளையாட்டு வேலை கிடையாது. தப்பாக எழுதினால் மறுநாள் சரக்கு குறையும். கடையும் கணக்கும் முதல்முறையாக ஒரே நோட்டுக்குள் வந்தன.

ஐந்தாம் நாள். காலையில் 60. விற்றது 23. நோட்டில் 37 என்று எழுதியிருந்தான். ஜாடியை எண்ணினால் 35. இன்னொரு தடவை எண்ணினான், அதே 35. நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சின்னவன் ரப்பரை எடுத்தான். 37-ஐ அழித்தான், தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி. அந்த இடத்தில் 35 என்று எழுதினான்.

“ஏன்டா அழிச்ச?”

“நான்தான் தப்பாக் கழிச்சிருப்பேன்.”

60-ல் 23 போனால் 37. பூஜ்யத்தில் மூன்று போகாமல், ஒரு பத்தை மாற்றி, ஒரு உதவியும் இல்லாமல் போட்ட கணக்கு. ஜாடி பொய் சொல்லும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை, தன் மூளைதான் பொய் சொல்லும் என்று முடிவே செய்துவிட்டான். கணக்குத் தெரியாததற்கும் தெரிந்த கணக்கை நம்பாததற்கும் எவ்வளவு தூரம்! முதலாவதற்குக் காலண்டர் தாள் போதும். இரண்டாவதற்கு என்ன செய்வது என்று எந்தக் கையேட்டிலும் நான் படிக்கவில்லை.

நான் ஒன்றும் சொல்லாமல் காலண்டர் தாளை எடுத்து நீட்டினேன். வைத்துப் பார்த்தான். 37. திரும்ப ஜாடியை எண்ணினான். 35. கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, உள்ளே புத்தகம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவளைப் பார்த்தான். அவள் தலையைத் தூக்கவே இல்லை.

ரெண்டு மிட்டாய். அன்றைக்கு வீட்டில் நடந்த ரகளையை இங்கே எழுத வேண்டாம். ஆனால் ராத்திரி அவன் அழித்த இடத்துக்குப் பக்கத்தில், கட்டத்துக்கு வெளியே, பெரிதாக 37 என்று எழுதி வட்டம் போட்டிருந்தான். அதற்குக் கீழே ‘அக்கா 2’.

கடையில் பிள்ளையை உட்கார வைப்பதைப் பற்றி எனக்கே நெருடல் உண்டு. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளைகள் கூடமாட உதவுவதை அனுமதிக்கிறது. அந்த விதிவிலக்கை எதிர்த்துப் பேசுபவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கே உதவி முடிந்து வேலை தொடங்குகிறது என்று யார் கோடு போடுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருப் பையன்கள் கிரிக்கெட்டுக்குக் கூப்பிட்டபோது, “ஜாடி எண்ணணும்” என்று அவன் போகாமல் இருந்தான். எரிக்சனே இதற்கும் எச்சரித்திருக்கிறார், வேலை ஒன்றே தன் மதிப்பு என்று பிள்ளை நினைக்க ஆரம்பித்தால் அதுவும் கெடுதல்தான் என்று. ஞாயிற்றுக்கிழமை ஜாடிக்கு லீவு என்று அத்தானே அறிவித்துவிட்டார்.

ஒழுக்க வளர்ச்சிக்கும் ஒரு பக்கம் எழுத வேண்டியிருந்தது. பியாஜே 1932-ல் எழுதிய புகழ்பெற்ற ஜோடிக் கதையைக் கேட்டேன். கதவைத் திறந்தபோது பின்னால் இருப்பது தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்துவிட்ட பையன், அம்மா இல்லாதபோது ஜாம் திருடப் போய் ஒரே ஒரு கோப்பையை உடைத்த பையன், யார் அதிகம் தப்பு செய்தவன்? சின்னப் பிள்ளைகள் சேதத்தைப் பார்ப்பார்கள், வளர்ந்தவர்கள் எண்ணத்தைப் பார்ப்பார்கள் என்பது பாடம். சின்னவன் யோசித்துவிட்டு, “திருடப் போனவன்தான் தப்பு. ஆனா பதினஞ்சு உடைச்சவன்தான் நிறையக் காசு குடுக்கணும்” என்றான். குற்றம் வேறு, நஷ்ட ஈடு வேறு. இதை எந்த நிலையில் வைப்பது? நான் அப்படியே எழுதிவிட்டேன்.

வாய்மொழித் தேர்வில் பதிவேட்டைப் புரட்டிய பேராசிரியர், அந்த அடித்த வரியில் நின்றார். “இது என்னம்மா, சோதித்தவர் தேறவில்லை?” விளக்கினேன். கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி, பையன் எந்த நிலையில இருக்கான்? ஒரு வரியில சொல்லு” என்றார். கண்கூடாகப் பார்ப்பதைக் கொண்டு சிந்தித்துச் செயல்படும் நிலை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். மதிப்பெண் கிடைத்தது.

அரையாண்டுத் தேர்வில் சின்னவன் கணக்கில் பாதிக்குமேல் வாங்கினான். பெரிய அதிசயமெல்லாம் இல்லை. வகுத்தல் இன்னும் தகராறுதான். ஆனால் அந்த வாரம் நான் கொடுத்த கணக்குகளில் 304-ல் 126 கழிக்கும் கணக்கு ஒன்று இருந்தது. உதடு அசையப் போட்டு முடித்தவன், விடையைப் பார்த்ததும் துள்ளி எழுந்தான். “சித்தி! இங்க பாருங்க, அதே நூத்தி எழுபத்தெட்டு!”

“அப்ப தப்பா இருக்குமோ?”

“இல்ல.”

“நல்லா யோசிச்சியா? நூத்தி எழுபத்தெட்டா?”

“உங்களுக்குக் காது கேக்கலையா சித்தி?” என்று கேட்டுவிட்டு, நோட்டை மூடிக் கல்லாவுக்குப் போய்விட்டான்.